அப்பாவின் ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூலை நிறுத்தச் சொல்லலாமா?

கொள்ளிடக்கரை (கேள்வி):

என் தந்தைக்கு வயது 66. முப்பத்தெட்டு ஆண்டுகள் நாளொன்றுக்குப் பதினைந்து சிகரெட் வீதம் புகைத்தவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகள் பிறந்த வாரத்தில் அடியோடு விட்டுவிட்டார். அன்றிலிருந்து சிகரெட்டைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. ஆனால் மாத்திரைகள் பெருகிவிட்டன. புகைத்த காலத்தில் நுரையீரலில் தங்கிய நச்சை முறிக்கும் என்று சொல்லி, பீட்டா கரோட்டினும் வைட்டமின் இ-யும் சேர்ந்த ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூல் ஒன்றைத் தாய்மாமா மாதந்தோறும் வாங்கி வந்து கொடுக்கிறார். தந்தையும் காலை உணவுக்குப் பின் அதைத் தவறாமல் விழுங்குகிறார்.

மாமா சொல்லும் காரணம் கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. புகையில் ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது அருகில் இருப்பவற்றோடு உடனே வினைபுரியும் மூலக்கூறுகள், உள்ளன, அவை டிஎன்ஏவைச் சிதைக்கின்றன, சிதைந்த டிஎன்ஏவிலிருந்து புற்றுநோய் வருகிறது, ஆன்டிஆக்ஸிடன்ட் ஃப்ரீ ராடிக்கலை அழிக்கிறது; ஆகவே ஆன்டிஆக்ஸிடன்ட் புற்றுநோயைத் தடுக்கும் என்பது அவர் வாதம். ஆனால் பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில் இந்த மாத்திரையை உண்டவர்களுக்கே நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்தது என்று ஓரிடத்தில் படித்தேன். நான் கணக்காளர், உயிரியலைப் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டவன். மாமாவின் சங்கிலியில் எந்தக் கண்ணி பிசகியது என்பதை யாராவது விளக்க முடியுமா? வெறுமனே "நிறுத்துங்கள்" என்று சொன்னால் வீட்டில் எடுபடாது. காரணத்தோடு சொல்ல வேண்டும். சளிக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த என்ஏசி, அதாவது அசிட்டைல்சிஸ்டைன், மாத்திரையும் வீட்டில் இருக்கிறது. அதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட் வகைதான் என்கிறார்கள்.

ஆய்வகமேசை:

தங்கள் மாமாவின் சங்கிலியில் முதல் மூன்று கண்ணிகளும் ஏறக்குறைய சரியானவை என்பதால், அவரை மறுப்பதற்கு முன் அவர் எந்த அளவுக்குச் சரி என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன்; மருத்துவன் அல்லன்.

சிகரெட் புகையின் வாயுப் பகுதியில் மட்டும், ஓர் இழுப்புக்குச் சுமார் 10இன் 15ஆம் அடுக்கு அளவு ஃப்ரீ ராடிக்கல்கள் இருக்கின்றன. பத்துக் கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் எண் அது. அவை நொடிகளில் மாய்பவை. புகையின் ஒட்டும் கரும்பகுதியான தாரில் இருக்கும் செமிகுவினோன் வகை ராடிக்கல்கள் அப்படியல்ல; நெடுநேரம் நிலைத்திருந்து, ஆக்சிஜனிலிருந்து சூப்பர்ஆக்சைடையும் அதன் வழியே ஹைட்ரஜன் பெராக்சைடையும் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டே இருப்பவை. ஹைட்ரஜன் பெராக்சைடு தனித்து நின்றால் அவ்வளவு கொடியதன்று. செல்லுக்குள் கட்டற்ற இரும்பு அயனி அகப்பட்டால் 1894இல் ஃபென்டன் விவரித்த வினை நடந்து, ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறக்கிறது. அது பிறந்த இடத்திலேயே பக்கத்தில் இருப்பதைத் தாக்கும். ஆஸ்பெஸ்டாஸ் இழைகளில் இரும்பு உண்டு என்பதையும், அந்தத் தொழிலாளர்கள் புகைப்பவர்களாகவும் இருந்தால் ஆபத்து பன்மடங்காகும் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணிக்கொள்ளலாம். இவை போதாதென்று, புகையால் எரிச்சலுற்ற நுரையீரலில் குவியும் வெள்ளணுக்களும் மேக்ரோஃபேஜ்களும் தம் பங்குக்கு இதே பொருள்களை உமிழ்கின்றன. இப்படி உற்பத்தி ஒரு பக்கம் மிகுந்து, செல்லின் தடுப்பாற்றல் மறுபக்கம் ஈடுகொடுக்க முடியாமல் போகும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம்.

டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவது குவானைன். அது 8-ஆக்சோகுவானைன் ஆக மாறும்; 1984இல் ஜப்பானில் கசாயும் நிஷிமுராவும் கண்டறிந்தது இது. உருவத்தில் சிறிய மாற்றமே என்றாலும் விளைவு பெரிது: இயல்பான குவானைன் எதிரே சைட்டோசினை மட்டும் ஏற்கும், 8-ஆக்சோகுவானைனோ சற்றே புரண்டு நின்று அடினைனையும் ஏற்றுக்கொள்ளும். அடுத்த முறை டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது அந்த அடினைனுக்கு எதிரே தைமின் வந்து அமரும். குவானைன் இருந்த இடத்தில் நிரந்தரமாகத் தைமின். கணக்காளர் என்கிறீர்கள், பேரேட்டில் 1 என்று இருந்தது மழைத்துளி பட்டு 7 போலத் தெரிய, அதைப் பார்த்து அடுத்த ஆண்டுப் பேரேட்டில் ஒருவர் 7 என்றே எழுதிவிடுவது போன்றது இது. கறை பட்டது முதல் நிகழ்ச்சி. பிழை நிலைபெறுவது நகலெடுக்கும் வேளையில்தான். இரண்டுக்கும் இடையே உள்ள அவகாசத்தில் திருத்த முடியும்.

திருத்துவதற்கென்றே செல்லில் மூன்று நொதிகள் இருக்கின்றன. ஓஜிஜி1 என்பது கறைபட்ட குவானைனை வெட்டியெடுக்கும். அது தவறவிட்டு எதிரே அடினைன் வந்துவிட்டால், எம்யூடிஒய்எச் என்பது அந்த அடினைனை நீக்கி மறுவாய்ப்புத் தரும். எம்டிஎச்1 என்பது, டிஎன்ஏவில் இன்னும் கோக்கப்படாத உதிரிக் குவானைன் கெட்டிருந்தால் அதைக் கழித்துக்கட்டும். முதல் இரண்டும் இல்லாத எலிகளுக்கு, புகை எதுவும் காட்டாமலேயே நுரையீரல் கட்டிகள் வந்தன. அக்கட்டிகளில், செல்லைப் பெருகத் தூண்டும் கேராஸ் மரபணுவின் 12ஆம் கோடானில், அதாவது மூன்றெழுத்துச் சொல்லில், குவானைன் தைமினாக மாறியிருந்தது. புகைத்தவர்களின் நுரையீரலில் வரும் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய் வகையில் அடிக்கடி காணப்படும் ஜி12சி என்ற மாற்றமும் இதே கோடானில், இதே வகை எழுத்து மாற்றத்தால், புரதத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் சிஸ்டைன் வந்ததால் ஏற்படுவதே. எனவே ஆக்சிஜனேற்றச் சேதத்தால் நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் புகைப்பவரின் நுரையீரலில் விழும் சேதத்தில் பெரும்பங்கு ஆக்சிஜனேற்றத்தால் வருவதா என்பது வேறு கேள்வி. மாமாவின் வாதம் சறுக்கத் தொடங்குவது இங்கேதான். புகையில் பென்சோபைரீன் என்ற பொருள் உண்டு. உடல் அதைக் கரைத்து வெளியேற்றும் நல்லெண்ணத்தில் தன் நொதிகளால் ஆக்சிஜன் சேர்க்கப் போய், அதைவிடக் கொடிய டையால் எப்பாக்சைடாக மாற்றிவிடுகிறது. அது குவானைனில் நேரே ஒட்டிக்கொள்கிறது. 1996இல் டெனிசென்கோவும் ஃபைஃபரும் அவர்களுடைய குழுவினரும் இப்பொருள், செல்லின் பெருக்கத்துக்குத் தடைபோடும் பி53 மரபணுவில் எங்கெங்கே ஒட்டுகிறது என்று வரைந்து பார்த்தார்கள். கோடான் 157, 248, 273 ஆகிய இடங்களில் அது மிகுதியாக ஒட்டியது. புகைத்தவர்களின் நுரையீரல் கட்டிகளில் பி53 மிகுதியாகப் பழுதுபடுவதும் இதே இடங்களில்தான். இந்த ஒட்டுச் சேதமும் குவானைனைத் தைமினாகவே மாற்றுகிறது. எழுத்துப் பிழை ஒன்றே என்பதால் எது ஆக்சிஜனேற்றத்தால் வந்தது, எது ஒட்டுப்பொருளால் வந்தது என்று ஒற்றைப் பிழையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் முழு மரபணுத்தொகுதியையும் படித்து, பிழைக்கு இருபுறமும் உள்ள எழுத்துகளையும் சேர்த்துப் பார்த்தால் கைரேகை வேறுபடுகிறது. எஸ்பிஎஸ்4 என்பது புகையிலையின் ரேகை. பென்சோபைரீனை மட்டும் கொடுத்து வளர்த்த செல்களில் கிடைப்பதும் அதுவே. எஸ்பிஎஸ்18 என்பது ஆக்சிஜனேற்றத்தின் ரேகை. புகைத்தவர்களின் நுரையீரல் கட்டிகளில் ஓங்கி நிற்பது முன்னது. ஃப்ரீ ராடிக்கலைத் தேடித் தின்னும் மாத்திரைக்கு, குவானைனில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுவிட்ட பொருளிடம் வேலையே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பழைய ஆய்வகக்காரனின் புலம்பல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. "உங்கள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அளந்து தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் பரிசோதனைகளுக்குப் பணம் கட்டாதீர்கள். புகைப்பவர்களின் சிறுநீரில் ஆக்சிஜனேறிய குவானைன் கூடுதலாக இருப்பது உண்மை. 1992இல் வந்த டென்மார்க் ஆய்வில் அது ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆனால் அது குழுக்களுக்கிடையே உள்ள வேறுபாடு. ஒரு தனி மனிதரின் எண்ணை வைத்து அவருடைய எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. திசுவிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும்போதே காற்று பட்டுக் குவானைன் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். இந்தக் குழப்பத்தால் வெவ்வேறு ஆய்வகங்களின் எண்கள் நூறு மடங்குக்கும் மேல் வேறுபட்டன. அதைச் சீர்செய்யவே ஐரோப்பாவில் எஸ்காட் என்றொரு கூட்டு முயற்சி 1997இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடந்தது.

இரவுவார்டு:

மேலே ஐயா எழுதியிருப்பது செல்லுக்குள் நடப்பது. நான் நெஞ்சக மருத்துவப் பிரிவில் பணியாற்றுகிறேன். மனிதர்களுக்கு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தபோது என்ன நடந்தது என்பதை எழுதுகிறேன், ஏனெனில் மாமாவிடம் எடுபடப்போவது அதுதான்.

பீட்டா கரோட்டின் நம்பிக்கை அறிவியலாளர்களிடமிருந்தே தொடங்கியது. காய்கனிகள் மிகுதியாக உண்பவர்களுக்கும் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் மிகுந்தவர்களுக்கும் புற்றுநோய் குறைவாக இருக்கிறது என்ற கவனிப்பை வைத்து, 1981இல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் முதலியோர் நேச்சர் இதழில் இதை ஆராய வேண்டிய கேள்வியாக முன்வைத்தார்கள். புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லோடு சேர்ந்து நிறுவிய அதே டால்தான். அவர்கள் கேள்வியாக எழுப்பியதை நம் மருந்துக்கடைகள் இன்றும் விடையாக விற்றுக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கேள்வியைச் சோதிக்க 1985இல் பின்லாந்தில் தொடங்கியதுதான் தாங்கள் படித்த ஆய்வு. 50 முதல் 69 வயது வரையிலான 29,133 ஆண்கள், அனைவரும் புகைப்பவர்கள். குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு 50 மில்லிகிராம் வைட்டமின் இ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கழித்து, பீட்டா கரோட்டின் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. வைட்டமின் இ-யால் நுரையீரலுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. 1994இல் முடிவு வெளிவந்தபோது பலர் இதைத் தற்செயல் என்றே கருதினார்கள்.

அமெரிக்காவில் அப்போது நடந்துகொண்டிருந்த மற்றோர் ஆய்வின் சுருக்கப்பெயரைத் தமிழில் எழுதினால் கேரட் என்றே வரும். காய்கறிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் இருக்கிறது. புகைப்பவர்கள், புகைத்து விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேருக்கு 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் 25,000 அலகு வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள், அல்லது வெற்று மாத்திரை கொடுத்தார்கள். 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதங்கள் முன்பாகவே அதை நிறுத்த வேண்டியதாயிற்று. மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடும், எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மொத்த இறப்பு 17 விழுக்காடும் கூடுதல். அதே ஆண்டில் வெளிவந்த மருத்துவர்கள் ஆய்வில், 22,071 ஆண் மருத்துவர்களில் பாதிப்பேர் பன்னிரண்டு ஆண்டுகள் பீட்டா கரோட்டின் உண்டும் நன்மையோ தீமையோ தெரியவில்லை. அவர்களில் அப்போது புகைத்துக்கொண்டிருந்தவர்கள் பத்தில் ஒருவர் அளவே. ஆக, இந்த மாத்திரை யாருக்குத் தேவை என்று எண்ணினோமோ அவர்களுக்கே அது தீங்கு செய்தது.

தங்கள் தந்தை புகைப்பதை விட்டவர் என்பதால் ஒரு நுணுக்கம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே புகையை விட்டிருந்தவர்களிடம் இந்தக் கூடுதல் தெளிவாகத் தெரியவில்லை. எனவே விட்டவர்களுக்கு ஆபத்தில்லை என்று சிலர் அமைதி கொண்டார்கள். ஆனால் விழித்திரையின் மையப்பகுதியான மாக்குலாவின் சிதைவுக்காக நடந்த ஏரெட்ஸ்2 என்ற ஆய்வு 2013இல் வெளிவந்தபோது, பீட்டா கரோட்டின் சேர்ந்த மாத்திரை உண்டவர்களில் 2.0 விழுக்காட்டினருக்கும், பீட்டா கரோட்டின் சேராத மாத்திரை உண்டவர்களில் 0.9 விழுக்காட்டினருக்கும் நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தது. நோயுற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் புகைத்து விட்டவர்கள். எண்ணிக்கை சிறியதுதான், ஆயினும் தந்தையின் தட்டில் அந்தக் கேப்சூலை வைக்க நான் துணிய மாட்டேன். அமெரிக்கத் தடுப்புப் பணிக்குழு 2022இல், புற்றுநோயைத் தடுக்கும் நோக்கில் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் இ-யையும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எல்லோருக்குமாகவே பரிந்துரைத்தது.

மருத்துவர் எழுதிய என்ஏசியைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். அது சளியை இளக்குவதற்காகக் கொடுக்கப்பட்டது. 2000இல் வெளிவந்த யூரோஸ்கேன் என்ற ஐரோப்பிய ஆய்வில், தலை, கழுத்து, நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 2,592 பேரிடம் அதை நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வீதம் சோதித்தார்கள். நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை. தேவை தீர்ந்த பிறகும் பழக்கத்தால் தொடர்கிறாரா என்பதை மட்டும் அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஏன்அப்படி:

இரண்டு விளக்கங்களும் பயனுள்ளவை. எனினும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒட்டுப்பொருளிடம் ஆன்டிஆக்ஸிடன்டுக்கு வேலையில்லை என்று ஆய்வகமேசை ஐயா சொன்னார். அப்படியானால் மாத்திரை பயனற்றதாகத்தானே இருந்திருக்க வேண்டும்? தீங்கு எங்கிருந்து வந்தது? பீட்டா கரோட்டின் புகையின் நடுவில் தானே ஆக்சிஜனேற்றியாக மாறிவிடுகிறது என்று ஒரு விளக்கமும், ஆன்டிஆக்ஸிடன்ட் புற்றுநோய்ச் செல்லையே காப்பாற்றுகிறது என்று வேறொரு விளக்கமும் படித்திருக்கிறேன். ஒன்று, மாத்திரை தன் வேலையைச் செய்யாமல் எதிர்வேலை செய்தது என்கிறது. மற்றது, மாத்திரை தன் வேலையை மிக நன்றாகச் செய்தது என்கிறது. இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக முடியும்? கூடவே, கேரட்டையும் முருங்கைக்கீரையையும் என்ன செய்வது?

ஆய்வகமேசை:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். இரண்டுக்கும் தனித்தனிச் சான்று இருக்கிறது, வெவ்வேறு பொருள்களுக்கு.

முதல் விளக்கம் பீட்டா கரோட்டினுக்கு உரியது. எலிகள் பீட்டா கரோட்டினைக் குடலிலேயே உடைத்துவிடுகின்றன. மனிதர்களைப் போல அதை முழுதாக உறிஞ்சும் விலங்கு வேண்டுமென்று, பார்வைக்குக் கீரியை ஒத்த ஃபெரட் என்ற விலங்கைத் தேர்ந்தெடுத்தார்கள் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள். 1999இல் வெளிவந்த அந்த ஆய்வில், அதிக அளவு பீட்டா கரோட்டினும் சிகரெட் புகையும் சேர்ந்து பெற்ற ஃபெரட்டுகளின் நுரையீரல் திசு, புற்றுநோய்க்கு முன்னோடியாகக் கருதப்படும் செதிள் வடிவத்துக்கு மாறத் தொடங்கியது. நீண்ட இரட்டைப் பிணைப்புச் சங்கிலியான பீட்டா கரோட்டின், புகை நிறைந்த நுரையீரலில் துண்டு துண்டாக ஆக்சிஜனேறுகிறது. அத்துண்டுகள், செல் வளர்ச்சியை நெறிப்படுத்தும் ரெட்டினாயிக் அமிலத்தின் வழக்கமான கட்டுப்பாட்டைக் குலைக்கின்றன. பின்லாந்தில் மாத்திரை உண்டவர்களின் இரத்தத்தில் அதன் அளவு பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது என்பதை நினைவில் கொண்டால், கேரட்டைப் பற்றிய கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். நூறு கிராம் கேரட்டில் சுமார் 8 மில்லிகிராம் இருக்கும், அதில் உடலில் சேர்வது சிறுபகுதியே. அதே பின்லாந்து ஆய்வில், தொடக்கத்தில் உணவின் வழியாகவே இரத்தத்தில் பீட்டா கரோட்டின் மிகுந்திருந்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகவே வந்தது. உணவு நல்லது என்பதற்கு அது அடையாளமாக இருந்தது. அடையாளத்தை மட்டும் பிரித்தெடுத்துப் புட்டியில் அடைத்ததுதான் பிழை. கேரட் பொரியலும் முருங்கைக்கீரையும் தாராளமாக உண்ணட்டும்.

இரண்டாவது விளக்கம் எனக்கு இன்னும் சுவையானது. 2014இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் மார்ட்டின் பெர்யோவின் குழுவினர், கேராஸ் மாற்றத்தால் நுரையீரல் கட்டி ஏற்படுமாறு வளர்த்த எலிகளுக்கு என்ஏசியும் வைட்டமின் இ-யும் கொடுத்தார்கள். கட்டிகள் விரைவாக வளர்ந்தன. எலிகள் விரைவில் இறந்தன. கட்டிச் செல்களுக்குள் பார்த்தால், மருந்து தன் வேலையைக் குறைவறச் செய்திருந்தது: ஆக்சிஜனேற்றிகள் குறைந்திருந்தன, டிஎன்ஏ சேதமும் குறைந்திருந்தது. சேதம் குறைந்ததாலேயே பி53 விழித்துக்கொள்ளவில்லை. பி53 என்பது டிஎன்ஏ சேதத்தை உணர்ந்து செல்லின் பெருக்கத்தை நிறுத்தும் புரதம். அதை முன்கூட்டியே நீக்கிவிட்ட செல்களில் ஆன்டிஆக்ஸிடன்டால் இந்த விளைவு ஏற்படவில்லை. அதாவது கட்டுமீறிப் பெருகும் செல் தன் வேகத்தாலேயே ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கு ஆளாகிறது, அந்த அழுத்தமே அதற்குக் கடிவாளமாகவும் இருக்கிறது. கடிவாளத்தை நாம் போய் அவிழ்த்துவிட்டோம்.

இக்கட்டிகளே தம் வழியில் அந்தக் கடிவாளத்தை அவிழ்த்துக்கொள்வதும் உண்டு. செல்லின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் அமைப்பை இயக்குவது என்ஆர்எஃப்2 என்ற புரதம். அதை அடக்கி வைப்பது கீப்1. நுரையீரல் அடினோகார்சினோமாக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் கீப்1 பழுதடைந்து, என்ஆர்எஃப்2 ஓயாமல் வேலை செய்கிறது. புற்றுநோய் தனக்கு வேண்டுமென்று தேடிக்கொள்வதை மாமா கடையில் வாங்கி வந்து தருகிறார். 2019இல் செல் இதழில் இரு குழுக்கள் ஒரே நேரத்தில் வேறொன்றைக் காட்டின: ஆக்சிஜனேற்றம் தணியும்போது கட்டற்ற ஹீம் என்ற இரும்புச் சேர்மம் குறைகிறது, ஹீம் குறைந்தால் பாக்1 என்ற புரதம் அழியாமல் தங்கிவிடுகிறது, அது தங்கினால் கட்டி மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது எளிதாகிறது. ஒரு குழு பெர்யோவுடையது. மற்றது நியூயார்க்கில் மிக்கேலே பகானோவுடையது.

ஏன்அப்படி:

ஆனால் பின்லாந்தில் வைட்டமின் இ உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடவில்லை என்று இரவுவார்டு மேலே சொல்லியிருக்கிறாரே. எலியில் கூடியது மனிதனில் ஏன் கூடவில்லை?

ஆய்வகமேசை:

எலிகளுக்குக் கொடுத்த அளவு வேறு, கட்டி ஏற்கெனவே தொடங்கிவிட்ட நிலை வேறு. மனிதர்களில் வைட்டமின் இ நுரையீரல் புற்றுநோயைத் தூண்டும் என்று எலி ஆய்வை வைத்துச் சொல்வது மிகைப்படுத்தலாகும். நான் அப்படிச் சொல்லவில்லை. சேதத்தைக் குறைத்தால் புற்றுநோய் குறையும் என்ற நேர்க்கணக்கு செல்லுக்குள்ளேயே பொய்த்துப்போகும் என்பதற்குத்தான் அந்த எலிகள் சான்று. மாத்திரை எந்தச் செல்லைக் காக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதில்லை. அறுபத்தாறு வயதில், அத்தனை ஆண்டு புகைத்த நுரையீரலில், முதல் சில சடுதிமாற்றங்களை, அதாவது நிலைபெற்றுவிட்ட எழுத்துப் பிழைகளை, தாங்கிய செல்கள் எங்கோ இருக்கவே செய்யும்.

கொள்ளிடக்கரை:

அனைவருக்கும் நன்றி. மாமாவிடம் நேற்று பேசினேன். பின்லாந்துக் கணக்கைக் கேட்டு முதலில் சினந்தார். 18,314 பேரை வைத்து நடத்திய ஆய்வை 21 மாதம் முன்னதாகவே நிறுத்தினார்கள் என்றதும் அமைதியாகிவிட்டார்; அவரும் வங்கியில் தணிக்கை செய்தவர், பாதியில் நிறுத்தப்படும் கணக்கின் பொருள் அவருக்குத் தெரியும். ஆனால் தந்தை கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் விடையில்லை. "கறை பட்டது பட்டதுதானே, எழுத்து மாறியது மாறியதுதானே, அப்படியானால் நான் சிகரெட்டை விட்டு என்ன பயன்?" என்றார்.

இரவுவார்டு:

இந்தக் கேள்விக்கு நேரான விடை இருக்கிறது. தந்தையிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு புகைத்தால் நுரையீரல் செல் ஒவ்வொன்றிலும் சராசரியாக 150 சடுதிமாற்றங்கள் சேர்கின்றன என்று 2016இல் கணக்கிட்டார்கள். புகைப்பதை நிறுத்திய நாளோடு இந்த வரவு நின்றுவிடுகிறது. இதுவே முதல் பயன். இரண்டாவது பயனை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2020இல் கேம்பிரிட்ஜ், இலண்டன் ஆய்வாளர்கள் 16 பேரின் மூச்சுக்குழாய்ச் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, 632 வளர்ப்புகளாக்கி, மரபணுத்தொகுதி முழுவதையும் படித்தார்கள். புகைத்து விட்டவர்களின் நுரையீரலில் இருவகைச் செல்கள் இருந்தன. ஒருவகையில் ஆயிரக்கணக்கான சடுதிமாற்றங்கள். மற்றவகையில், புகையையே அறியாதவர்களின் செல்களுக்கு நிகராக, மிகக் குறைந்த சடுதிமாற்றங்கள். இந்த இரண்டாம் வகை, இன்னும் புகைத்துக்கொண்டிருப்பவர்களிடம் இருப்பதைப் போல நான்கு மடங்கு இருந்தது. கறைபட்ட செல் தன்னைக் கழுவிக்கொள்ளவில்லை. கறைபடாமல் எங்கோ ஒதுங்கியிருந்த செல்கள், புகை நின்றதும் பெருகி இடத்தை நிரப்பத் தொடங்கியதுபோல் தெரிகிறது. எந்த மாத்திரையும் இதைச் செய்ததாகச் சான்றில்லை.

கையிலுள்ள பணத்தைக் கேப்சூலுக்குச் செலவிடுவதைவிட, குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் பற்றி நெஞ்சக மருத்துவரிடம் கலந்து பேசலாம். முப்பத்தெட்டு ஆண்டுகள் பதினைந்து சிகரெட் என்பது ஏறத்தாழ 28 பாக்கெட் ஆண்டுகள்; 20 சிகரெட் கொண்ட ஒரு பாக்கெட்டை நாள்தோறும் ஓராண்டு புகைப்பது ஒரு பாக்கெட் ஆண்டு. அமெரிக்கத் தடுப்புப் பணிக்குழுவின் பரிந்துரை, 50 முதல் 80 வயதுக்குள், 20 பாக்கெட் ஆண்டுகளோ அதற்கு மேலோ புகைத்து, விட்டு 15 ஆண்டுகள் ஆகாதவர்களுக்கு ஆண்டுதோறும் இதைச் சொல்கிறது. 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், மார்பு எக்ஸ்-ரேயோடு ஒப்பிட, நுரையீரல் புற்றுநோய் இறப்பை இது 20 விழுக்காடு குறைத்தது. நம் நாட்டில் பழைய காசநோய்த் தழும்புகள் பலருக்கு இருப்பதால், ஸ்கேனில் தெரியும் புள்ளிகளைப் பார்த்து வீண் பதற்றமும் தேவையற்ற சோதனைகளும் நேர்வதுண்டு. ஆகவே தாமாகவே ஸ்கேன் மையத்துக்குப் போய் எடுத்துக்கொள்வதைவிட, படத்தைப் படித்து முடிவெடுக்கக்கூடிய மருத்துவர் மூலமாகப் போவதே நல்லது.

கொள்ளிடக்கரை:

படித்துக் காட்டினேன். "ஒதுங்கியிருந்த செல்" என்ற இடத்தை இருமுறை படிக்கச் சொன்னார். கேப்சூலை நிறுத்திவிட்டோம், என்ஏசி பற்றி வியாழக்கிழமை மருத்துவரிடம் கேட்கிறோம். இன்று காலை ஏரெட்ஸ்2 பற்றி மீண்டும் படித்தபோது ஐயம் வந்து, கண் மருத்துவர் தந்தைக்குக் கொடுத்திருந்த மாத்திரையின் அட்டையையும் திருப்பிப் பார்த்தேன். லூட்டின், ஜியாசாந்தின், துத்தநாகம், செம்பு, வைட்டமின் சி, வைட்டமின் இ என்று இருக்கிறது. பீட்டா கரோட்டின் இல்லை. இதைத் தொடரலாமா?

இரவுவார்டு:

மாக்குலா சிதைவுக்காகக் கண் மருத்துவர் கொடுத்தது என்றால் தொடரலாம். புகைத்தவர்களுக்காகவே மாற்றியமைத்த கலவை அது. பணிக்குழுவின் பரிந்துரை புற்றுநோய்த் தடுப்புக்காக உண்பதைப் பற்றியது. இது கண் நோய்க்கான மருந்து. அடுத்த முறை வாங்கும்போது கடைக்காரர் "அதே மருந்து, வேறு கம்பெனி" என்று மாற்றிக் கொடுத்தால் மட்டும் அட்டையை மறுபடி திருப்பிப் பாருங்கள். பீட்டா கரோட்டின் சேர்ந்த பழைய கலவையும் விற்பனையில் இருக்கக்கூடும்.